லாவோஸ்: வடக்கே ரயில், தெற்கே பஸ் – முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழித்திட்டம்

லாவோஸ் பற்றித் தேடும்போது கிடைக்கும் பயணக் குறிப்புகளில் முதலில் தேதியைப் பாருங்கள். 2021 டிசம்பருக்கு முன் எழுதியது என்றால் போக்குவரத்துப் பகுதியை அப்படியே தள்ளிவிடலாம். அந்த மாதம் 3-ஆம் தேதி லாவோஸ்–சீனா ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை தலைநகர் வியன்டியனிலிருந்து லுவாங் பிரபாங் போக மலைப்பாதையில் முழுப் பகலோ முழு இரவோ பஸ்ஸில் குலுங்க வேண்டும். இப்போது இரண்டு மணி நேரம்.

ஆனால் இந்த வசதி நாட்டின் வடபாதிக்கு மட்டும்தான். வியன்டியனுக்குத் தெற்கே ரயிலே கிடையாது. பாக்சே, சாம்பசாக், மேகாங் ஆற்றின் நடுவே இருக்கும் சி பான் டோன் தீவுகள் எல்லாம் பஸ்ஸும் வேனும்தான். ஆகவே திட்டமும் இரண்டு பாதி. வடக்கில் டிக்கெட் கிடைக்கும் தேதியை வைத்து மற்றதை அமைக்க வேண்டும். தெற்கில் முதல் நாள் போய் டிக்கெட் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

1. பாதையை வளையமாகப் போடுங்கள்

நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கு மலிவான நுழைவாயில் பாங்காக். அங்கிருந்து நான் சொல்லும் பாதை இது: பாங்காக் – நோங் காய் (தாய்லாந்தின் எல்லை ஊர்) – வியன்டியன் – வாங் வியெங் – லுவாங் பிரபாங் – திரும்ப வியன்டியன் – பாக்சே – சி பான் டோன் தீவுகள் – பாக்சே – உபோன் ரட்சதானி – பாங்காக். போன வழியே திரும்புவது முக்கியமாக ஒரே இடத்தில், லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியனுக்கு. ரயிலில் இரண்டு மணி நேரம் என்பதால் அது உறுத்தாது.

இரண்டு வாரம் இருந்தால் முழு வளையமும் நிதானமாக முடியும். பத்து நாள் என்றால் வடக்கை நன்றாகப் பார்த்துவிட்டு, தெற்கில் பாக்சேயும் வாட் பூ கோயிலும் மட்டும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் வடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் வடக்கும் தெற்கும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது திட்டம் நீட்டினால், அவர் அந்த ராத்திரி பஸ்ஸில் ஏறியதில்லை என்று அர்த்தம்.

வேறு வாசல்களும் உண்டு. தாய்லாந்தின் சியாங் கோங்கிலிருந்து நான்காம் நட்புப் பாலம் தாண்டி ஹுவாய் சாய் போனால், மேகாங்கில் மெதுவான படகு இரண்டு பகலில் லுவாங் பிரபாங்கில் இறக்கிவிடும். நடுவே பாக்பெங்கில் ஓர் இரவு. சீனாவின் குன்மிங்கிலிருந்து நேரடிப் பயணி ரயில் 2023 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது. சீன விசா வேண்டும். ஹனோயிலிருந்து வியன்டியனுக்கு பஸ் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு முழு நாள் உட்கார வேண்டும். முதல் பயணத்தில் அதைத் தொடாதீர்கள்.

2. எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடக்கில் காலையில் நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். மார்ச், ஏப்ரலில் காடுகளையும் வயல்களையும் கொளுத்துவதால் வடக்கு முழுக்கப் புகை மூடிக் கிடக்கும். மலை பார்க்கப் போய் சாம்பல் நிற வானத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மழைக்காலத்தில் ரயிலுக்குப் பெரிய தொல்லை இல்லை, மலைச்சாலைகளில்தான் மண் சரியும்.

இன்னொன்று. லாவோ புத்தாண்டும் நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது, ஏப்ரல் 14 முதல் 16 வரை. தெருவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் அருமையான திருவிழா. ஆனால் நாடே சொந்த ஊருக்குப் போகும் நேரம் அது. தீபாவளி முன்னிரவுக் கிளாம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் போவதானால் ஒரே ஊரில் தங்கிக் கொண்டாடுங்கள், ஊர் மாறாதீர்கள்.

3. விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இரண்டு வழி: எல்லையில் போய் வாங்கும் விசா, அல்லது லாவோஸ் அரசின் அதிகாரபூர்வ தளத்தில் முன்கூட்டியே எடுக்கும் இ-விசா. இரண்டும் ஒரு முறை நுழைவு, 30 நாள். இ-விசா எல்லா எல்லைகளிலும் செல்லாது. எந்தெந்த வாசலில் செல்லும் என்ற பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. உங்கள் வாசல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம்.

எல்லையில் வாங்குவதானால் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், ஒரு போட்டோ, அமெரிக்க டாலர் ரொக்கம். நோட்டில் கிழிசலோ பேனா எழுத்தோ இருந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். தாய்லாந்து பாட் கொடுத்தும் கட்டலாம், ஆனால் கணக்கு நமக்கு நஷ்டமாகத்தான் இருக்கும். ஐம்பது அறுபது டாலரைச் சின்ன நோட்டுகளாகத் தனியே எடுத்து வையுங்கள்.

பலர் மறப்பது தாய்லாந்துப் பக்கத்தை. இந்த வளையத்தில் தாய்லாந்துக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: முதலில் விமானத்தில், கடைசியில் தரைவழியாக. இந்தியர்களுக்கான தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் ஒரு முறை சரிபாருங்கள். ஒரு முறை நுழைவுக்கான விசாவை வைத்துக்கொண்டு இந்த வளையத்தில் இறங்கக் கூடாது. 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

4. பாங்காக்கிலிருந்து ராத்திரி ரயில்

நெடுந்தூர ரயில்கள் இப்போது பழைய ஹுவா லம்போங்கில் அல்ல, குருங் தேப் அபிவட் என்ற புதிய பெரிய நிலையத்தில். மெட்ரோவில் பாங் சூ நிறுத்தத்தில் இறங்கினால் அங்கேயே ஏறிவிடலாம். 2024 ஜூலையில் தொடங்கிய 133-ஆம் எண் ரயில் இரவு கிளம்பி, மறுநாள் காலை 9 மணி வாக்கில் வியன்டியனின் கம்சவட் நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. தாய்லாந்து ரயில்வேயின் டி-டிக்கெட் தளத்திலேயே பதிவு செய்யலாம். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை போதும். கீழ்ப் படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, அகலமும் கூடுதல்.

காலையில் நோங் காயில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி, தாய்லாந்து வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். சாமானை ரயிலில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். அதன்பின் 1994-இல் திறந்த முதல் நட்புப் பாலம். தண்டவாளம் சாலையின் நட்டநடுவே ஓடுகிறது. ரயில் கடக்கும் வரை இருபுறமும் கார், லாரிகளை நிறுத்திவைத்துவிடுகிறார்கள். ஜன்னலோரம் இருந்தால் கீழே மேகாங், முன்னால் வெறிச்சோடிய சாலை. மறுகரை இறங்கியதும் வண்டிகள் வலப்பக்கமாக ஓடத் தொடங்கும். இனி சாலை தாண்டும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். லாவோஸ் குடிநுழைவும் விசா கவுன்டரும் கம்சவட்டில்.

அந்த ரயிலில் இடம் இல்லையென்றால், நோங் காய் வரை மட்டும் போகும் ரயிலைப் பிடிக்கலாம், அல்லது உதோன் தானிக்கு விமானத்தில் போய் வேனில் பாலத்துக்கு வரலாம். பாலத்தை நடந்து கடக்க விடமாட்டார்கள். அதற்கென்று ஓடும் பஸ்ஸில் ஏற வேண்டும். நோங் காய், உதோன் தானியிலிருந்து வியன்டியனின் தலாத் சாவோ பஸ் நிலையத்துக்கு நேரடி பஸ்ஸும் உண்டு. நீங்கள் எல்லையில் விசா வாங்கி முடிக்கும் வரை அது காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

5. வியன்டியனில் எந்த நிலையம் எங்கே

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். தாய்லாந்து ரயில் வந்து நிற்கும் கம்சவட் ஒன்று. சீன ரயில் கிளம்பும் வியன்டியன் நிலையம் வேறொன்று, நகர மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். தெற்கே போகும் பஸ்களுக்குத் தெற்கு பஸ் நிலையம் தனி. மூன்றும் வெவ்வேறு இடம். டிரைவரிடம் “ரயில் நிலையம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். லாவோஸ்–சீனா ரயில் என்று சொல்லுங்கள், வரைபடத்தையும் காட்டுங்கள்.

நகருக்குள் லோகா செயலியில் கார் கூப்பிடலாம். டுக்-டுக்கில் ஏறினால் ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிட வேண்டும், நம்மூர் ஆட்டோ மாதிரியேதான். தலாத் சாவோவிலிருந்து சீன ரயில் நிலையத்துக்கு நகரப் பேருந்தும் ஓடுகிறது, செலவு மிகக் குறைவு. காலையில் தாய்லாந்து ரயிலில் இறங்கி, அதே முற்பகலில் சீன ரயிலைப் பிடிப்பது போல டிக்கெட் போடாதீர்கள். எல்லையில் ஒரு மணி நேரம் இழுத்தால் எல்லாம் கவிழும். ஓர் இரவு வியன்டியனில் தங்கினால் சிம், பணம், டிக்கெட் மூன்றும் சாவகாசமாக முடியும்.

அந்த நாளில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் பதுசாய் வளைவைவிட, செயற்கைக் கை கால் செய்து தரும் கோப் அமைப்பின் பார்வையாளர் மையத்தைச் சொல்வேன். 1964-க்கும் 1973-க்கும் இடையில் அமெரிக்க விமானங்கள் இந்தச் சின்ன நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசின. வெடிக்காமல் மண்ணில் தங்கியவை இன்றும் கை கால்களைப் பறிக்கின்றன. அங்கே வரிசையாகத் தொங்கும் செயற்கைக் கால்களைப் பார்த்துவிட்டுப் போனால், கிராமப்புறத்தில் “பாதையை விட்டு இறங்காதே” என்ற பலகை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

6. சீன ரயில் டிக்கெட்

லாவோஸுக்குள் பயணிகள் ஏறி இறங்கப் பத்து நிலையங்கள். நமக்கு வேண்டியவை வியன்டியன், வாங் வியெங், லுவாங் பிரபாங். வடகோடியில் சீன எல்லையில் போட்டென். எண்ணுக்கு முன் சி எழுத்து இருந்தால் மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும் விரைவு ரயில். கே எழுத்து என்றால் சாதாரண ரயில். மெதுவாகப் போகும், விலையும் குறைவு. டி (D) எழுத்து குன்மிங் போகும் பன்னாட்டு ரயில்.

விற்பனை பயண நாளுக்குச் சில நாள் முன்புதான் திறக்கும். நம்மூரில் போல இரண்டு மாதம் முன்பே எடுத்து வைக்க வழியில்லை. இதுதான் எல்லோரையும் பதற வைக்கிறது. மூன்று வழிகள்:

– எல்சிஆர் டிக்கெட் என்ற அதிகாரபூர்வ செயலி. பன்னாட்டு கார்டு எடுக்கும். பதிவு செய்யும் கட்டத்தில் இந்திய மொபைல் எண்ணை ஏற்கவில்லையென்றால் லாவோ சிம் வாங்கியபின் முயலுங்கள்.

– நிலையத்திலோ நகருக்குள் இருக்கும் டிக்கெட் அலுவலகத்திலோ நேரில். கட்டண விலைதான், ஆனால் வரிசையும் காத்திருப்பும் உண்டு.

– ஏஜென்ட் அல்லது தங்கும் விடுதி. டிக்கெட்டுக்குச் சில டாலர் கூடுதல். தேதி நெருக்கடி இருப்பவர்களுக்கு அந்தப் பணம் தகும். ஒரு மாதம் முன்பே “உறுதி” என்று ஏஜென்ட் சொன்னாலும் விற்பனை திறந்த பிறகுதான் அவரும் வாங்க முடியும் என்பதை மனதில் வையுங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பதும், அப்பா பெயர் அங்கே ஏறியிருப்பதும், இனிஷியல் விரிந்து நிற்பதும் சகஜம். டிக்கெட்டில் ஆதார் பெயரையோ வழக்கமாகக் கையெழுத்துப் போடும் பெயரையோ எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் அடியில் உள்ள இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அதுவே கணக்கு. ஏஜென்ட்டுக்கு அந்தப் பக்கத்தின் படத்தையே அனுப்பிவிடுங்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். நிலையத்தில் அதைத்தான் பார்ப்பார்கள்.

வெள்ளி, ஞாயிறு, காலை நேர ரயில்கள் முதலில் தீரும். மதிய ரயிலும் வாரநாளும் எடுத்தால் பாதிக் கவலை குறையும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு முதல் வகுப்பு வீண்.

7. நிலையத்தில் என்ன நடக்கும்

விமான நிலையம் மாதிரி நடத்துகிறார்கள். வாசலிலேயே பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும், அடுத்து பை சோதனை. பழம் நறுக்கும் கத்தி, கத்தரிக்கோல் பறிபோகும். ஸ்பிரே டப்பாக்களும் அங்கேயே தங்கிவிடும்: வாசனை ஸ்பிரே, கொசு விரட்டும் ஸ்பிரே, முடிக்கு அடிக்கிற ஸ்பிரே. கொசுவுக்குக் களிம்பு எடுத்துப் போங்கள். நடைமேடைக்கான கதவு ரயில் வரும் நேரத்தில்தான் திறக்கும், கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே மூடிவிடும். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் பேச்சே இல்லை. ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருங்கள்.

உள்ளே கடை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். லுவாங் பிரபாங்கில் இறங்கியதும் வாசலில் பகிர்வு வேன்கள் நிற்கும். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விடுதி வாசலில் இறக்குவார்கள். நிலையம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அதுவே நல்ல ஏற்பாடு. திரும்பும்போது முதல் நாள் மாலையே விடுதியில் வேன் சொல்லிவையுங்கள், அது ஒவ்வொரு விடுதியாக ஆள் ஏற்றிக்கொண்டுதான் போகும்.

8. வாங் வியெங், லுவாங் பிரபாங்

வியன்டியனிலிருந்து வாங் வியெங்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம். 2020 டிசம்பரில் திறந்த விரைவுச்சாலை வழியே வேனில் வந்தாலும் இரண்டு மணி நேரம்தான், அதுவும் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். டிக்கெட் கிடைக்காவிட்டால் இந்தத் துண்டை வேனில் கடந்துவிடலாம், இழப்பில்லை.

செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், நாம் சோங் ஆறு, வெப்பக்காற்று பலூன்: இரண்டு இரவு போதும். குடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பரில் இங்கே மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாக ஊற்றித் தரும் மதுவையும், வாளியில் கலக்கும் பானங்களையும் தொடாதீர்கள். உங்கள் கண்முன் திறந்த பீர் பாட்டிலோடு நிறுத்துங்கள்.

வாங் வியெங்கிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ரயிலில் இன்னொரு ஒரு மணி நேரம். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை வேண்டாம்: லாவோஸுக்குள் இந்தப் பாதையில் 75 சுரங்கங்கள், மொத்தத் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி மலைக்கு அடியில்தான். போனில் படம் எடுக்கத் தயாராவதற்குள் அடுத்த இருட்டு வந்துவிடும். மலைகளைப் பார்க்கத்தான் வந்தேன் என்பவர், வயிற்றைப் புரட்டாது என்றால், இந்த ஒரு துண்டை மட்டும் காசி என்ற லாவோஸ் ஊர் வழியாகப் பகல் வேனில் போகலாம். வறட்சிக் காலத்தில் மட்டும்.

லுவாங் பிரபாங்குக்கு மூன்று இரவாவது கொடுங்கள். 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நகரம், நடந்தே சுற்றலாம். விடியலில் பிக்குகள் பிச்சைக்கு வரிசையாக வருவார்கள். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பாருங்கள், முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். குவாங் சி அருவி முப்பது கிலோமீட்டர், பகிர்வு வேனில் அரை நாள்.

கூடுதலாக மூன்று நாள் இருந்தால் போன்சவன் போகலாம். கற்சாடிகள் சிதறிக் கிடக்கும் சமவெளி, 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏழெட்டு மணி நேரம் வளைந்து வளைந்து போகும் பஸ், வாந்தி மாத்திரை அவசியம். அங்கே குண்டு அகற்றிய பகுதியைக் குறிக்கும் அடையாளக் கற்களுக்குள்ளேயே நடக்க வேண்டும். இது அலங்காரப் பேச்சு இல்லை.

9. பணம், போன், சாப்பாடு

நாணயம் கிப். 2025 வாக்கில் ஒரு டாலருக்கு 21,000-க்கு மேல். மனக்கணக்குக்கு ஒரு லட்சம் கிப் என்றால் ஏறக்குறைய 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டே ஒரு லட்சம்தான் என்பதால் பர்ஸ் சீக்கிரம் வீங்கும், பூஜ்யங்களை எண்ணிக் கொடுங்கள். ஏடிஎம் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், எடுக்கும் தொகைக்கும் வரம்பு உண்டு. டாலரோ பாட்டோ ரொக்கமாகக் கொண்டுபோய் மாற்றுவதே நல்லது. பாட் பல இடங்களில் நேரடியாகவே செல்லும்.

சிம்முக்கு யூனிடெல் அல்லது லாவோ டெலிகாம். மலைக் கிராமங்களில் யூனிடெல் பரவாயில்லை.

சைவக்காரர்கள் “கின் ஜே” என்று சொல்லிப் பழகுங்கள், புரியும். ஆனாலும் மீன் சாறும், பாதேக் என்ற புளித்த மீன் கரைசலும் கேட்காமலே விழும்; பப்பாளிக்காய் சாலட்டில் கட்டாயம் இருக்கும். ஒட்டும் அரிசிச் சோறு, வாழைப்பழம், முட்டை வைத்த ரொட்டி என்று ஓட்டிவிடலாம். வியன்டியன், வாங் வியெங், லுவாங் பிரபாங், பாக்சே நான்கிலும் இந்திய உணவகங்கள் உண்டு. பஸ் பயணத்துக்கு மட்டும் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

10. தெற்கே: ராத்திரி பஸ்

வியன்டியனிலிருந்து பாக்சே 650 கிலோமீட்டருக்கு மேல். தெற்கு பஸ் நிலையத்திலிருந்து இரவு எட்டரை வாக்கில் படுக்கை பஸ்கள் கிளம்பி விடியற்காலை சேர்கின்றன. நகரில் வாங்கும் டிக்கெட்டில் பெரும்பாலும் விடுதியிலிருந்து நிலையம் வரை சோங்தேவ் சேர்ந்தே இருக்கும். சோங்தேவ் என்பது பின்னால் இரண்டு பலகை இருக்கை போட்ட பிக்கப் வண்டி. சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஏறும் படியில் செருப்பைக் கழற்றி, தரும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கைகள் இரண்டு பேருக்கு ஒன்று. தனியாகப் போகிறவர் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் படுப்பார். வழக்கமாக ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று பார்த்துத்தான் போடுவார்கள். அது ஒத்துவராது என்றால் இரண்டு இடத்துக்கும் பணம் கட்டி முழுப் படுக்கையை எடுத்துவிடுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு இதையே சொல்வேன். நீளம் உள்ளூர்க்காரர் உயரத்துக்குத்தான்; ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருப்பவர் காலை மடக்கியாக வேண்டும். ஏசி கடும் குளிர். பாஸ்போர்ட், பணம், போன் உள்ள பையைத் தலைமாட்டில் வையுங்கள்.

அவசரம் இல்லாதவர்கள் பகல் பஸ்ஸில், வழியில் இருக்கும் தாக்கெக் ஊரில் இறங்கிப் போகலாம். பகல் பஸ்ஸுக்கென்று ஒரு குணம் உண்டு: வழியில் நிற்கும் இடமெல்லாம் மூங்கில் குச்சியில் செருகிய சுட்ட கோழியும் ஒட்டும் அரிசியும் ஜன்னலுக்கே வந்துவிடும். அரிசி மூட்டையும் நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூலும் ஏறும். தாக்கெக்கிலிருந்து கோங் லோர் குகை போகலாம், மலைக்கு அடியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஆறு ஓடும் குகை, படகில் கடக்க வேண்டும். பைக் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதானால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும்; அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

11. வாட் பூ, பிறகு தீவுகள்

பாக்சேயில் இரண்டு இரவு. ஒரு நாள் போலவன் பீடபூமி: காபித் தோட்டங்களும், நூறு மீட்டருக்கு மேல் விழும் தாத் ஃபான் அருவியும். இன்னொரு நாள் சாம்பசாக் அருகே வாட் பூ. கம்போடியாவின் அங்கோருக்கு முன்பே வேரூன்றிய சிவத்தலம். பின்னால் நிற்கும் மலையின் உச்சியே லிங்கம் போல இருப்பதால் பழைய சம்ஸ்கிருதக் கல்வெட்டுகளில் அதற்கு லிங்கபர்வதம் என்று பெயர். பாறையிலிருந்து கசியும் சுனைநீரைக் கல்வாய்க்கால் வழியே கொண்டுவந்து கருவறை லிங்கத்தின் மேல் விழச் செய்திருக்கிறார்கள். இன்று கருவறையில் புத்தர் இருக்கிறார். வாசல் மேல் ஐராவதத்தில் இந்திரன், பின்பாறையில் மும்மூர்த்திகள். சுனை இன்னும் சொட்டுகிறது. ஈழத்தலரி மரங்கள் இருபுறமும் நிற்கும் படிகள் செங்குத்து, ஒன்று போல் ஒன்று இராது. முழங்கால் வலி உள்ளவர்கள் காலை எட்டு மணிக்கே ஏறிவிடுங்கள்.

பாக்சேயிலிருந்து வேனில் இரண்டரை மூன்று மணி நேரத்தில் நாகசோங் படகுத்துறை, அங்கிருந்து சின்னப் படகில் டோன் டெட். தீவில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம், பணத்தைப் பாக்சேயிலேயே எடுத்துவிடுங்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் பழைய பாலம் தாண்டி டோன் கோன் போங்கள். அந்தப் பாலம் ரயில் பாலம். கோன் அருவிகளில் கப்பல் ஏற முடியாததால், சரக்கைத் தீவின் குறுக்கே தூக்கிச் செல்ல பிரெஞ்சுக்காரர்கள் ஏழு கிலோமீட்டர் சிறு ரயில் போட்டார்கள். 2009-இல் நோங் காய் பாலத்து ரயில் வரும்வரை லாவோஸில் ஓடிய ரயில் என்றால் இது ஒன்றுதான். துருப்பிடித்த எஞ்சின் கூரைக்கடியில் இன்னும் நிற்கிறது. தண்டவாளம் போய்விட்டது, அதன் தடத்தில்தான் சைக்கிள் ஓட்டுகிறீர்கள்.

12. வெளியேறுவது

கம்போடியாவுக்குத் தொடர்பவர்களுக்கு எல்லை அருகிலேயே இருக்கிறது. முத்திரைக்கு ரசீதில்லாமல் ஓரிரு டாலர் கேட்பது அங்கே பழைய வழக்கம், சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்காக் திரும்புகிறவர்கள் பாக்சே வந்து, பன்னாட்டு பஸ்ஸில் வாங் தாவோ – சோங் மெக் எல்லை வழியே உபோன் போகலாம், ஏறத்தாழ மூன்று மணி நேரம். வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று கவுன்டரிலேயே பாருங்கள். விசா நாள் தாண்டியிருந்தால் நாளுக்கு 10 டாலர் அபராதம். உபோனில் பஸ் நிற்கும் இடமும் ரயில் நிலையமும் ஊரின் இரு முனைகள். நிலையம் ஆற்றுக்குத் தெற்கே வாரின் சம்ராப்பில். இரவு ரயில் பிடிக்க இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கிப்பை எல்லை தாண்டி மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். மிச்சம் இருப்பதைப் பாக்சேயிலேயே பாட்டாக மாற்றுங்கள், அல்லது போலவன் காபித்தூளாக வாங்கிவிடுங்கள்.